உறைநிலமும் லார்ச் காடும்: ஒரு சூழலியல் நோக்கு

கிழக்குச் சைபீரியாவில், லேனா நதியின் கரையில், யாக்குட்ஸ்க் என்னும் நகரம் அமைந்துள்ளது. மழையையும் பனியையும் ஒன்றுசேர்த்துக் கணித்தாலும் அந்நகர் ஓராண்டில் பெறும் படிவுவீழ்ச்சி ஏறத்தாழ 240 மில்லிமீற்றர் மட்டுமே. சனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை செல்சியசை அண்மிக்கிறது; யூலையிலோ அது 19 பாகையளவுக்கு உயர்கிறது. புவியியற் பாடநூல்களின் பொது விதிகளைக் கொண்டு நோக்கின், இத்தகைய வரட்சியும் கோடை வெப்பமும் உள்ள இடத்தில் நாம் எதிர்பார்க்கக்கூடியது புல்வெளியே, அன்றேல் அரைப்பாலைவனமாகும். ஆயினும் அந்நகரைச் சூழ்ந்து பல நூறு கிலோமீற்றர் தூரத்துக்குப் பரந்து கிடப்பது காடு. அக்காட்டின் தலையாய மரம் லார்ச்.

நீர் போதாத நிலத்தில் காடு எவ்வாறு நிற்கிறது? இவ்வினாவுக்கான விடை அக்காட்டின் வேர்களுக்குக் கீழே, கோடையிலும் உருகாத மண்ணிற் கிடக்கிறது. அம்மண் உறைநிலை கெடாது இருப்பதற்கோ மேலே நிற்கும் காடே துணைபுரிகின்றது. ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இவ்விரண்டின் உறவை விளக்குவதும், அவ்வுறவு இன்று எவ்வாறு குலைந்து வருகின்றது என்பதைக் காட்டுவதும், மரத்தை மட்டும் எண்ணும் வனப்பாதுகாப்பு இங்கு ஏன் போதாது என்பதை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

உறைநிலம் என்பது யாது?

தொடர்ச்சியாக இரண்டு ஆண்டுகளுக்கேனும் பூச்சியம் பாகையிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலத்தையே விஞ்ஞானிகள் நிலைத்த உறைநிலம் என்பர். மண்ணாயினும் மணலாயினும் பாறையாயினும் இவ்வரைவிலக்கணம் பொருந்தும். இதில் பனிக்கட்டி இருத்தல் கட்டாயமன்று, வெப்பநிலையே அளவுகோல். எனினும், அந்நிலத்தினுள் எவ்வளவு பனிக்கட்டி அடங்கியுள்ளது என்பதே அது உருகும்போது நிகழப்போவதைத் தீர்மானிக்கின்றது என்பதைப் பின்னர் காண்போம். ருஷ்யாவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உறைநில வலயத்துள் அடங்குகின்றது. அதன் தெற்கு எல்லையில் உறைநிலம் திட்டுத்திட்டாகவும் சில மீற்றர் தடிப்புடையதாகவும் காணப்படும். வடக்கே அது இடையறாது தொடர்கின்றது. யாக்கூத்தியாவில், மார்கா நதியின் மேற்பகுதியில், அதன் தடிப்பு ஏறத்தாழ 1,500 மீற்றர் எனக் கணிக்கப்பட்டுள்ளது.

இவ்வறிவு எளிதில் கிட்டியதன்று. 1828ஆம் ஆண்டில் யாக்குட்ஸ்க் நகரில் ஷேர்கின் என்னும் வணிக முகவர் குடிநீருக்காகக் கிணறு ஒன்றைத் தோண்டத் தொடங்கினார். ஆண்டுகள் பல கழிந்தன. 116 மீற்றர் ஆழம் வரை தோண்டியும் உறைந்த மண்ணே வந்ததன்றி நீர் வரவில்லை. கைவிடப்பட்ட அக்கிணற்றினுள் 1840களின் நடுப்பகுதியில் இயற்கையியலாளர் மிடென்டோர்வ் வெப்பமானிகளை வெவ்வேறு ஆழங்களில் இறக்கி அளவீடுகளைப் பெற்றார். ஆழம் செல்லச் செல்ல வெப்பநிலை மெல்ல உயர்வதைக் கண்ட அவர், உறைநிலம் மேலும் பல மீற்றர் கீழே செல்லுமென மதிப்பிட்டார். ஐரோப்பிய அறிஞர் பலர் நம்ப மறுத்த ஒன்று இவ்வாறு அளவீட்டால் நிறுவப்பட்டது. 1927இல் சும்கின் வெளியிட்ட நூல் உறைநிலவியலைத் தனியொரு விஞ்ஞானத் துறையாக நிலைநிறுத்தியது. யாக்குட்ஸ்க் நகரிலேயே 1960களின் தொடக்கத்தில் உறைநில ஆய்வு நிறுவகம் ஒன்றும் உருவாயிற்று.

உறைநிலத்தின் மேற்பரப்பு கோடையில் ஓரளவு ஆழத்துக்கு இளகி, மாரியில் மீண்டும் உறையும். இவ்வாறு ஆண்டுதோறும் இளகி உறையும் மேற்படையை நாம் இளகுபடை எனலாம். யாக்குட்ஸ்க் அயலிலுள்ள லார்ச் காடுகளில் அது ஏறத்தாழ ஒரு மீற்றரிலிருந்து ஒன்றரை மீற்றர் வரை ஆழமானது. வடக்கே அரை மீற்றருக்கும் குறைவு. காட்டின் உயிர்வாழ்வு முழுவதும் இந்த ஒடுங்கிய படையினுள்ளேயே நிகழ்கின்றது. மரங்கள் வேரூன்றுவதும், நுண்ணங்கிகள் சருகுகளைச் சிதைப்பதும், நீர் அசைவதும் இதனுள்ளேயாம்.

லார்ச் மரத்தின் இயல்புகள்

லார்ச், பைன் குடும்பத்தைச் சேர்ந்த கூம்புத் தாவரம். ஆயின் அதன் இனத்தவையான பைன், ஸ்புரூஸ், பேர் முதலியவை ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்க, லார்ச் மட்டும் இலையுதிர்காலத்தில் தன் ஊசியிலைகளைப் பொன்னிறமாக்கி முற்றாக உதிர்த்துவிடுகின்றது. சைபீரியாவில் இது மூன்று முக்கிய இனங்களாகப் பரவியுள்ளது. யெனிசெய் நதிக்கு மேற்கிலும் தெற்குச் சைபீரியாவிலும் மொங்கோலியாவிலும் சைபீரிய லார்ச் வளர்கின்றது. யெனிசெய்க்குக் கிழக்கே, மத்திய சைபீரியாவிலிருந்து வடகிழக்குச் சீனம் வரை, தகூரிய லார்ச் ஆட்சி செலுத்துகின்றது. லேனாவுக்குக் கிழக்கே, மிகக் கடுங்குளிர் நிலவும் பகுதிகளில், கயாண்டர் லார்ச் காணப்படுகின்றது. இவ்வினங்கள் மேலோங்கி நிற்கும் காடுகளின் மொத்தப் பரப்பு 25 இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டது. ருஷ்யாவில் வேறெந்த மரச்சாதியும் இத்துணைப் பரப்பை மூடியிருக்கவில்லை.

இலையுதிர்த்தல் இம்மரத்துக்கு ஏன் பயனளிக்கின்றது? மாரியின் இறுதியிலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் வெயில் சுடத் தொடங்கும். ஆனால் மண் இன்னும் உறைந்தே கிடக்கும். அப்போது பசுமையான இலைகள் ஆவியுயிர்ப்பினால் நீரை இழக்கும். அவ்விழப்பை ஈடுசெய்ய உறைந்த வேர்களால் இயலாது. மரம் குளிரினாலன்றி வரட்சியினாலேயே மடியும். இலையற்று நிற்கும் லார்ச் இவ்வாபத்திலிருந்து தப்புகின்றது. கோடையில் புதிதாகத் தோன்றும் மெல்லிய இலைகள் குறுகிய காலத்தில் உயர்ந்த வேகத்தில் ஒளித்தொகுப்பை நிகழ்த்தி, ஆண்டு முழுவதுக்கும் வேண்டிய உணவைத் தேடிக்கொள்கின்றன.

அதன் வேர்த்தொகுதியும் கவனத்துக்குரியது. உறைநிலம் ஆணிவேரைக் கீழே செல்ல விடாது. ஆதலால் வேர்கள் பக்கவாட்டில் பரந்து செல்கின்றன. தண்டின் அடியை நிலப்பாசி ஆண்டுதோறும் மூடி உயரும்போது, முதலில் தோன்றிய வேர்கள் குளிர்ந்த ஆழத்தில் அமிழ்ந்து செயலிழக்க, மரம் தண்டின் மேற்பகுதியிலிருந்து புதிய வேர்களை விடுகின்றது. மத்திய சைபீரியாவின் தூரா என்னுமிடத்தில் ருஷ்ய, யப்பானிய ஆய்வாளர் மேற்கொண்ட அகழ்வுகள், அங்குள்ள லார்ச் தன் உடற்பொருளில் பெரும் பங்கை வேர்களிலே முதலிடுவதைக் காட்டின. மேலே மரங்களுக்கிடையே பரந்த வெளி தெரியும்; காடு ஐதானது என்று நாம் எண்ணுவோம். நிலத்தின் கீழோ வேர்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் பின்னி, குறைந்த வெப்பத்துக்கும் அருமையான நைதரசனுக்கும் போட்டியிடுகின்றன.

இவ்வியல்புகளின் துணையால் லார்ச் மரம் உலகின் வட எல்லைவரை சென்றுள்ளது. தைமீர்க் குடாநாட்டில் ஆரிமாஸ் என்னுமிடத்தில், வட அகலக்கோடு 72 பாகை 30 கலையை அண்மித்து, தகூரிய லார்ச் மரங்கள் தோப்பாக நிற்கின்றன. உலகின் மிக வடக்கேயுள்ள காடுகளுள் ஒன்றாகக் கருதப்படும் இத்தோப்பு தூந்திர வெளியின் நடுவே ஒரு தீவு போன்றது. கடுங்குளிரில் மெல்ல வளரும் இம்மரங்களின் ஆயுளும் நீண்டது. யாக்கூத்தியாவில் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த மரங்கள் அறியப்பட்டுள்ளன.

நிலம் காட்டுக்கு அளிப்பது

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்குத் திரும்புவோம். உறைநிலம் நீரை ஊடுசெல்ல விடாத ஒரு தளம். கோடையிற் பெய்யும் சிறுமழையும், வசந்தத்தில் உருகும் பனியும் ஆழத்துக்கு இறங்கி மறைந்துபோகாது, வேர்கள் எட்டக்கூடிய இளகுபடையினுள்ளேயே தங்கிவிடுகின்றன. இலையுதிர்காலத்தில் எஞ்சிய ஈரம் மாரியில் உறைந்து பனிக்கட்டியாகச் சேமிக்கப்படுகின்றது. அடுத்த கோடையில் மண் மேலிருந்து கீழாக இளக இளக, அச்சேமிப்பு சிறிது சிறிதாக வேர்களுக்குக் கிடைக்கின்றது. அஃதாவது, உறைநிலம் ஓர் ஆண்டின் நீரை மறு ஆண்டுக்கு எடுத்துச்செல்லும் களஞ்சியமாக இயங்குகின்றது.

இது வெறும் ஊகமன்று. யாக்குட்ஸ்க் அருகே ஸ்பாஸ்கயா பாத் என்னும் பரிசோதனைக் காட்டில் 1990களின் பிற்பகுதி தொடக்கம் ருஷ்ய, யப்பானிய விஞ்ஞானிகள் இணைந்து ஆய்வு நடத்தினர். மழைநீரிலும் பழைய உருகுநீரிலும் ஒட்சிசனின் சமதானிகள் வெவ்வேறு விகிதங்களில் அமைவதால், மரத்தண்டிலுள்ள நீரைச் சோதித்து அது எங்கிருந்து வந்தது என்பதை அறியலாம். மழை பெய்த கோடையில் மரங்கள் மழைநீரையே பயன்படுத்தின. வரண்ட கோடையிலோ அவை உறைநிலத்திலிருந்து இளகிய நீரை உறிஞ்சின. 2002இல் வெளியான இம்முடிவு, அரைப்பாலைவன மழைவீழ்ச்சியில் காடு நிலைத்திருக்கும் புதிரை அவிழ்த்தது. ஷேர்கின் 116 மீற்றர் தோண்டியும் காணாத நீரைச் சுற்றிநின்ற மரங்கள் முதலாவது மீற்றரிலேயே பெற்றுக்கொண்டிருந்தன.

காடு நிலத்துக்கு அளிப்பது

இவ்வுறவு ஒருவழிப்பட்டதன்று. காட்டின் தரையில் நிலப்பாசியும் இலைக்கன்களும் சிதையாத சருகும் சேர்ந்து ஒரு மெத்தையாகப் படிந்துள்ளன. கோடையில் இம்மெத்தை உலர்ந்து, வளி நிறைந்திருக்கும். ஆதலால் வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். இலையுதிர்காலத்தில் அது நனைந்து, பின் உறைந்து பனிக்கட்டி நிறைந்ததாகும். பனிக்கட்டி வெப்பத்தை நன்கு கடத்துமாதலால் அப்போது நிலத்தின் வெப்பம் எளிதில் வெளியேறும். கோடை வெப்பம் உட்புகுவதைத் தடுத்து, மாரிக்குளிர் உட்புகுவதற்கு வழிவிடும் ஒரு கதவு போன்று இம்மெத்தை செயற்படுகின்றது. இதனுடன் மரங்களின் நிழலும் சேர்ந்து நிலத்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்கின்றது.

யாக்குட்ஸ்க் நகரின் கட்டடங்கள் ஆழமாக இறக்கப்பட்ட தூண்களின்மேல், நிலத்துக்கும் தளத்துக்குமிடையே காற்றோட்டமான இடைவெளி விட்டு எழுப்பப்பட்டுள்ளன. கட்டடத்தின் வெப்பம் நிலத்தை எட்டினால் நிலம் இளகி, கட்டடம் சாயும் என்பதைப் பொறியியலாளர் பட்டறிந்தே இம்முறையைக் கைக்கொண்டனர். அவர்கள் கொங்கிறீற்றால் சாதிப்பதைக் காடு நிலப்பாசியாலும் சருகாலும் சாதித்து வந்துள்ளது.

ஆகவே நிலம் காட்டுக்கு நீரளிக்கின்றது. காடு நிலத்துக்கு நிழலளிக்கின்றது. இவற்றுள் ஒன்றை நீக்கினால் மற்றது நிலைக்காது. தன் இருப்புக்கான நிலைமைகளைத் தானே மீளவும் மீளவும் உற்பத்தி செய்துகொள்ளும் ஒரு சூழற்றொகுதியை நாம் இங்கு காண்கின்றோம். இவ்வுறவுக்கு ஓர் எல்லையும் உண்டு. 2005ஆம் ஆண்டையடுத்து யாக்குட்ஸ்க் பகுதியில் வழமைக்கு மாறாக ஈரமான ஆண்டுகள் தொடர்ந்தன. வடிந்து செல்ல இடமின்றி நீர் இளகுபடையில் தேங்கியது. வேர்கள் ஒட்சிசனின்றி அழுகின. தாழ்ந்த இடங்களில் லார்ச் மரங்கள் பழுப்பேறி இறந்தன. வரட்சியில் காக்கும் அதே தளம் மிகை நீரில் கொல்லவும் வல்லது. காலநிலை எத்திசையில் மாறினும் இக்காடு பாதிக்கப்படும் என்பதை அவ்வனுபவம் உணர்த்தியது.

நெருப்பு: பழைய தோழமையும் புதிய அழிவும்

லார்ச் காட்டுக்கு நெருப்பு புதியதன்று. மத்திய சைபீரியாவின் மரவளையங்களில் பதிந்துள்ள தீத்தழும்புகள், ஒரே இடம் ஏறத்தாழ நூறாண்டுக்கு ஒருமுறை எரிந்து வந்ததைக் காட்டுகின்றன; வடக்கே செல்லச் செல்ல இவ்விடைவெளி நீள்கின்றது. மின்னலால் மூளும் தீ பெரும்பாலும் தரையோடு பரவி, பாசி மெத்தையை எரிக்கின்றது. மெத்தை தடித்திருக்கும்வரை லார்ச் விதை மண்ணைத் தொட்டு முளைப்பது அரிது. தீ அதனை அகற்றி மண்ணை வெளிப்படுத்த, எஞ்சிய மரங்களிலிருந்து விழும் விதைகள் பெருந்தொகையாக முளைக்கின்றன. எரிந்து கறுத்த நிலத்தில் வெப்பம் மிகுதியாக உட்புக, இளகுபடை சில ஆண்டுகளுக்கு ஆழமாகின்றது. பின்னர் பாசி மீண்டும் படிந்து தடிக்க, பல தசாப்தங்களில் உறைநிலம் பழைய மட்டத்துக்கு மீளுகின்றது. தீயும் இச்சுழற்சியின் ஓர் உறுப்பாகவே இருந்து வந்துள்ளது.

இன்று மாறியிருப்பது தீக்களின் அளவும் அவை திரும்பிவரும் இடைவெளியுமாகும். வேர்கொயான்ஸ்க் நகரில் 1892இல் பூச்சியத்துக்குக் கீழ் 67.8 பாகை பதிவாயிற்று. அதே நகரில் 2020ஆம் ஆண்டு யூன் 20ஆந் திகதி வெப்பநிலை 38 பாகைக்கு உயர்ந்தது. உலக வானிலை அமைப்பு இதனை வட துருவ வட்டத்துக்கு அப்பால் பதிவான மிகவுயர்ந்த வெப்பநிலையாக ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டாகிய 2021இன் கோடையில் யாக்கூத்தியாவில் மட்டும் 80 இலட்சம் எக்டேயருக்கு மேற்பட்ட நிலம் தீயினால் பாதிக்கப்பட்டது. அப்புகை வட துருவத்தையே எட்டியமை செய்மதிப் படங்களில் தெளிவாயிற்று. சில தீக்கள் மேற்பரப்பில் அணைந்தபின்பும் நிலத்தடிச் சருகில் மாரி முழுவதும் புகைந்து, வசந்தத்தில் மீண்டும் மூண்டமையும் அறியப்பட்டுள்ளது. முதற்றீயின் பின் முளைத்த கன்றுகள் விதை தருமுன்னரே இரண்டாவது தீ வந்தால், லார்ச் மீள்வதற்கு விதை இராது. அவ்விடம் புதராகவோ புல்லாகவோ மாறும். மெத்தை மீண்டும் தடிக்குமுன் நிலம் மேலும் இளகும்.

நிலம் சரியும்போது

காடு அழிந்தபின் நிகழ்வது, மண்ணினுள் அடங்கிய பனிக்கட்டியின் அளவைப் பொறுத்தது என்றோம். யாக்கூத்தியாவின் தாழ்நிலங்களில், கடந்த பனியூழிக் காலத்தில் படிந்த நுண்மண்ணினுள் பல மீற்றர் உயரமான பனிக்கட்டி ஆப்புகள் புதைந்துள்ளன. சில இடங்களில் நிலத்தின் கனவளவில் பாதிக்கு மேற்பட்டது பனிக்கட்டியே. அது உருகினால் நிலம் வெறுமனே ஈரமாவதோடு நில்லாது அமிழ்ந்துவிடும். மரங்கள் பல திசைகளிலும் சாய்ந்து நிற்கும். இதனை ருஷ்ய மக்கள் குடிகாரக் காடு என வழங்குவர். பள்ளத்தில் நீர் தேங்க, அந்நீர் வெப்பத்தை மேலும் உட்செலுத்தும்.

ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் முடிவில், இவ்வாறு அமிழ்ந்த இடங்கள் பலவுள. நடுவில் ஏரியும் சுற்றிலும் புல்வெளியுமாக, காட்டினால் சூழப்பட்டுக் கிடக்கும் இவ்வட்டத் தாழிகளைச் சகா மக்கள் அலாஸ் என்பர். அவர்களின் மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் வேண்டிய வைக்கோல் இங்கேயே விளைகின்றது. ஆயின் புல்வெளியும் ஏரியும் சமநிலையை அடைய நீண்ட காலம் வேண்டியிருந்தது. இன்றைய அமிழ்வு மக்கள் குடியிருக்கும் நிலத்திலேயே, ஒரு தலைமுறைக் காலத்துள் நிகழ்கின்றது. சுராப்சா போன்ற ஊர்களில் சமதளமாயிருந்த வயல்கள் மேடும் பள்ளமுமாக மாறியுள்ளன, வீடுகள் சாய்கின்றன.

இதன் உச்சநிலையை யானா மேட்டுநிலத்தில் பதகாய் என்னும் குடியிருப்பின் அயலிற் காணலாம். அங்கு 1960களை அண்டிய காலத்தில் ஒரு மலைச்சரிவின் காடு அகற்றப்பட்டது. நிழலும் மெத்தையும் இழந்த நிலம் இளகி, முதலில் ஒரு நீரோடிய பள்ளமாயிற்று. பின்னர் சரியத் தொடங்கியது. இன்று அது ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் அகலமான, பல பத்து மீற்றர் ஆழமான பெருங்குழி. ஒவ்வொரு கோடையிலும் அதன் விளிம்பு பின்வாங்கிக் காட்டை விழுங்குகின்றது. அக்குழியின் அடியில் வெளிப்பட்ட உறைநிலம் ஏறத்தாழ ஆறரை இலட்சம் ஆண்டுகள் பழமையானது என ஆய்வாளர் கணித்துள்ளனர். பல வெப்பக் காலங்களைத் தாண்டி உறைந்தே கிடந்த நிலத்தை, ஒரு சரிவின் மரங்களை அகற்றிய செயல் அறுபது ஆண்டுகளில் திறந்துவிட்டது. இதனை மீண்டும் மூடும் தொழில்நுட்பம் எதுவும் எம்மிடம் இல்லை.

காபன் களஞ்சியம்

வட உறைநிலப் பிரதேசங்களின் மண்ணில் ஏறத்தாழ 1,50,000 கோடி தொன் சேதனக் காபன் அடங்கியுள்ளது. இது வளிமண்டலத்திலுள்ள காபனின் அளவைப் போன்று ஏறத்தாழ இரு மடங்காகும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சிதையாது உறைந்து கிடந்த வேர்களும் சருகுகளுமே அக்காபனின் மூலம். நிலம் இளகும்போது நுண்ணங்கிகள் அவற்றைச் சிதைக்கின்றன. காற்றோட்டமுள்ள மண்ணிலிருந்து காபனீரொட்சைட்டும், நீர் தேங்கிய மண்ணிலிருந்து மெதேன் வாயுவும் வெளியேறுகின்றன. இவை வளிமண்டலத்தை மேலும் வெப்பமாக்க, மேலும் நிலம் இளகுகின்றது.

காட்டின் இனமாற்றமும் இக்கணக்கில் இடம்பெறுகின்றது. வெப்பம் கூடிய இடங்களில், லார்ச் வலயத்தின் தெற்கு, மேற்கு ஓரங்களில், பைன், ஸ்புரூஸ், பேர் ஆகிய பசுமைமாறா மரங்கள் உட்புகுவதை ஆய்வாளர் அவதானித்துள்ளனர். இலையற்ற லார்ச் காட்டின் ஊடே வெண்பனி வெளித்தெரிந்து சூரிய ஒளியைத் தெறித்து அனுப்புகின்றது. கரும்பச்சை மரங்களோ அவ்வொளியை உறிஞ்சிக்கொள்கின்றன. எனவே காட்டின் பரப்பு குறையாதிருப்பினும், எம்மரம் நிற்கின்றது என்பது மாறினால் வெப்பச் சமநிலையும் மாறும். செய்மதிப் படத்தில் பச்சை நிறத்தை மட்டும் அளப்போர் இவ்வேறுபாட்டைக் காணத் தவறுவர்.

யாருடைய கணக்கு?

பாதுகாப்புக்கான முயற்சிகள் இல்லாமலில்லை. சோவியத் ஆட்சிக் காலத்திலேயே, 1979இல் தைமீர் இயற்கை ஒதுக்ககமும் 1984இல் யாக்கூத்தியாவின் தென்மேற்கே ஒலியோக்மா ஒதுக்ககமும் நிறுவப்பட்டன. முன் குறிப்பிட்ட ஆரிமாஸ் தோப்பு தைமீர் ஒதுக்ககத்துள் அடங்கும். சீனத்தில், 1987ஆம் ஆண்டு மே மாதத்தில் பெருங்கிங்கான் மலைத்தொடரின் லார்ச் காடுகளில் மூண்ட பெருந்தீ ஏறத்தாழ இருநூறு உயிர்களைக் காவுகொண்டது. மிதமிஞ்சிய மரவெட்டும் காட்டை நலிவித்திருந்தமை உணரப்பட்டு, 2014இல் கெய்லோங்சியாங் மாகாணத்தின் அரசுக்குரிய முக்கிய இயற்கைக் காடுகளில் வணிக மரவெட்டு நிறுத்தப்பட்டது. 2018இல் சகா குடியரசு உறைநிலத்தைக் காப்பதற்கெனத் தனிச்சட்டம் ஒன்றை இயற்றியது.

ஆயினும் ஒதுக்ககத்தின் எல்லைக்கோடு புகையையும் வெப்பத்தையும் தடுப்பதில்லை. கைதிகளின் உழைப்பால் 1930களில் எழுப்பப்பட்ட நொரில்ஸ்க் நகரின் உலோக உலைகள், கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 20 இலட்சம் தொன் கந்தகவீரொட்சைட்டை வெளியிட்டன. காற்றுவீசும் திசையில் பல பத்துக் கிலோமீற்றர் தூரத்துக்கு லார்ச் மரங்கள் பட்டுப்போயின. நிக்கலின் விலையில் அம்மரங்களின் விலை சேர்க்கப்படவில்லை.

தீக்காப்பின் வரலாறு இதனினும் தெளிவான பாடத்தைத் தருகின்றது. சோவியத் ஒன்றியம் 1931இல் விமானத் தீக்காப்புச் சேவையைத் தொடங்கி, ஒரே நிருவாகத்தின் கீழ் அதனை நடத்தியது. 2007இல் நடைமுறைக்கு வந்த வனச்சட்டம் அப்பொறுப்பைப் பிராந்தியங்களுக்குப் பகிர்ந்தளித்தது. ஆனால் போதிய நிதி உடன்செல்லவில்லை. 2015இல், தீயை அணைக்கும் செலவு தீயினால் விளையும் நட்டத்தை விஞ்சுமாயின் தொலைதூரக் காடுகளில் அணைக்காது விடலாம் என்னும் விதி கொண்டுவரப்பட்டது. கண்காணிப்பு வலயங்கள் எனப்பட்ட இவற்றுள் யாக்கூத்தியக் காடுகளின் பெரும்பகுதி அடங்கிற்று.

இங்கு நட்டம் எவ்வாறு கணிக்கப்பட்டது என்பதே எமது கேள்வி. மெல்ல வளரும் ஒல்லியான லார்ச் மரத்துக்கு மரச்சந்தையில் பெரும் விலை கிடையாது. ஆகவே எரிந்தாலும் நட்டம் சொற்பம் என்று கணக்கு முடிந்தது. எரிந்த பாசி மெத்தையும், அதன் கீழ் இளகிய நிலமும், வெளியேறிய காபனும், அமிழப்போகும் வீதியும் வீடும் எப்பத்தியிலும் எழுதப்படவில்லை. 2021 ஓகத்து மாதத்தில் தீ பியாஸ்கியூல் கிராமத்தை அடைந்து, முப்பதுக்கு மேற்பட்ட வீடுகளை எரித்தது. வேறு ஊர்களில் மக்கள் தாமே மண்வெட்டிகளுடன் காட்டுக்குட் சென்று தடுப்பு அகழிகளை வெட்டினர். அவ்வாண்டின் அழிவுக்குப் பின்னரே வலயங்களின் பரப்பு குறைக்கப்பட்டது.

இக்காட்டில் ஆளில்லை என்னும் எண்ணமும் தவறானது. லார்ச் மரத்தைத் தீத் என்று அழைக்கும் சகா மக்கள் அதனால் வீடமைப்பர். குதிரை கட்டும் தூணை நிறுத்துவர். எவெங்கி மக்களின் கலைமான்கள் மாரியில் உண்பது, தீயின்பின் மீள்வதற்குப் பல தசாப்தங்கள் எடுக்கும் இலைக்கன்களையே. காட்டின் மெத்தை கெடுவது இம்மக்களின் வாழ்வுக்கு நேரே விழும் அடியாகும்.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவதாக, உறைநில லார்ச் காட்டில் பாதுகாக்கப்படவேண்டியது மரம் மட்டுமன்று. மரத்துக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள பாசி மெத்தை உட்பட, அவ்விரண்டையும் பிணைக்கும் உறவாகும். மரத்தை வெட்டிக் கன்றை நட்டுவிட்டால் கணக்குத் தீரும் என்னும் வனவியல் இங்கு செல்லாது. கன்று வளருமுன் நிலம் போய்விடும். இரண்டாவதாக, எங்கும் ஒரே விதி பொருந்தாது. பனிக்கட்டி குறைந்த மண்ணில் காடு தீயிலிருந்து மீளலாம். பனிக்கட்டி மிகுந்த மண்ணில் ஒருமுறை நிகழும் தவறே இறுதியானதாகலாம். ஆகவே மரவெட்டு, வீதியமைப்பு, சுரங்கம் ஆகியவற்றுக்கு அனுமதியளிக்குமுன் மண்ணின் கீழுள்ள பனிக்கட்டியை அளத்தல் வேண்டும். தீக்காப்பின் முன்னுரிமையையும் அவ்வளவே தீர்மானித்தல் வேண்டும். மூன்றாவதாக, சந்தை விலையை மட்டும் அறிந்த கணக்கு முறையினால் இக்காட்டைக் காக்க இயலாது.

உள்ளூர் நடவடிக்கைகளால் மட்டும் இக்காடு தப்பாது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். உலகின் பெருங் கைத்தொழில் நாடுகள் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் குறையாதவரை நிலம் இளகிக்கொண்டே இருக்கும். எனினும், நிழலில் நிற்கும் நிலம் வெயிலிற் கிடக்கும் நிலத்தைவிட மெதுவாகவே இளகும். காடு நிற்கும் ஒவ்வோர் ஆண்டும் எமக்குக் கிடைக்கும் அவகாசமாகும். பதகாயில் அன்று ஒரு சரிவின் மரங்களை வெட்டியவர்கள் பின்விளைவை அறிந்திருக்கவில்லை. இன்று அறியாமையைக் காரணங்காட்டும் உரிமை எவருக்கும் இல்லை.